புத்தாண்டுக் காலையில் மீன் வாசனை

லோக்கை முதல் காலடிக்குத் தேர்ந்தெடுத்தபோது அவன் எலக்ட்ரீஷியன் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஹுவான் பெரியப்பா பார்த்த பொருத்தங்கள் வேறு. அவன் பிறந்த ஆண்டின் ராசி மிருகம் வரப்போகும் ஆண்டின் மிருகத்தோடு சண்டை போடாது. பெரியப்பாவின் மிருகத்தோடும் போடாது. தாய் தகப்பன் இருவரும் இருக்கிறார்கள். வீட்டில் துக்கம் எதுவும் இல்லை. பெண்டாட்டியோடு சண்டை போட்டாலும் சத்தம் வெளியே வருவதில்லை. இதற்கெல்லாம் மேலே அவன் பெயருக்கே தேடி வரும் செல்வம் என்று பொருள். ஹனோயின் அந்தச் சந்தில் இத்தனையும் ஒரே உடம்பில் அமைந்த ஆள் கிடைப்பது மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம்.

புத்தாண்டான தெத் பண்டிகையின் முதல் நாள் ஒரு வீட்டுக்குள் யார் முதலில் கால் வைக்கிறானோ, அவனைப் போலத்தான் அந்த வீட்டுக்கு அந்த ஆண்டு அமையும். அவன் சிரித்தால் ஆண்டு சிரிக்கும். அவன் தடுக்கி விழுந்தால் ஆண்டு தடுக்கி விழும். தும்மினால் என்ன ஆகும் என்பதில் மட்டும் சந்தில் இரண்டு கருத்து உண்டு.

சென்ற ஆண்டு கால் வைத்தவர் ஹுவானின் சொந்தத் தம்பி கியென். கொத்தனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பைக் திருடு போனது. ஹுவானின் மனைவி சென் பெரியம்மாவுக்கு அக்கி வந்தது. மழைத் தண்ணீர் கீழே இருக்கும் கடைக்குள் புகுந்து, விற்க வைத்திருந்த காகிதக் குதிரைகளின் கால்கள் கரைந்து போயின. எல்லாமே கியென் தலையில் விழுந்தது. மழை ஊர் முழுக்கத்தானே பெய்தது என்று அவர் வாதாடிப் பார்த்தார். என் வீட்டுக்குள்தானே நீ கால் வைத்தாய் என்று அண்ணன் கேட்டார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தகப்பனார் திதிக்குக்கூட கியெனுக்கு அழைப்பு இல்லை. கால் வைத்த அன்று காலை கியென் சொல்லக் கூடாத ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார் என்பது சந்துக்கே தெரியும். என்ன வார்த்தை என்பது யாருக்கும் தெரியாது. திரும்பச் சொன்னால் சொன்னவர் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

லோக்குக்கு இதில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. சந்து முனையில் ஹுவானுக்குச் சொந்தமான ஒரு சின்ன அறை பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து ஃபேன், மிக்ஸி, ரைஸ் குக்கர் பழுது பார்க்கும் கடை போட வேண்டும் என்பது அவன் ஆசை. இப்போதைக்கு வேலையிடத்திலிருந்து வந்ததும் குடியிருக்கும் மாடியின் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பழுது பார்த்தான். ஏறி இறங்கும் அண்டை வீட்டார் ரைஸ் குக்கரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அறையைப் பற்றிக் கேட்டபோது ஹுவான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆண்டு எப்படித் திறக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த ஆண்டைத் திறக்கப் போகிறவனும் லோக்தான் என்பதால், சாவியும் பூட்டும் அவன் வாயிலேயே இருந்தன.

அந்த வாயைப் பற்றித்தான் அவன் மனைவி லுவாவுக்குக் கவலை. அதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் கல்யாணத்தில் மேடைக்கு அடியிலிருந்து புகை வந்ததைப் பார்த்து லோக் கத்தி, ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டான். அது மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வருவதற்காக வாடகைக்கு எடுத்த புகை மெஷின். பெண் வீட்டார் இன்றுவரை அவனைத் தீயணைப்பு மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, வேலை இல்லாத நேரத்தில் எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தான். அதன்படி சலூனில் கண்ணாடி விளக்கின் ஒயர் தோலுரிந்து கிடந்ததைப் பார்த்தும், பார்க்காதவன் மாதிரி முடி வெட்டிக்கொண்டு வந்தான். அடுத்த வாரமே சலூன்காரர் அதில் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் லோக் அடுத்த முறை போனபோது, தலையைக் குனிய வைத்துக்கொண்டே, அன்னைக்கு அதையே பாத்துக்கிட்டு இருந்தியேப்பா என்று மெதுவாகக் கேட்டார். கழுத்தில் கத்தி இருந்ததால் லோக் பதில் சொல்லவில்லை.

ஆக, பேசியும் பார்த்தாகிவிட்டது, பேசாமலும் பார்த்தாகிவிட்டது. இரண்டுமே தப்பு என்று தெரிந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்டான். சம்பளம் தராத இடத்தில் மேலே நிமிர்ந்து பார்க்காதே என்றார் மேஸ்திரி.

பண்டிகையின் முதல் நாள் காலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. லுவா அவன் காலரைச் சரிசெய்து, வாழ்த்து வாக்கியங்களை இன்னொரு முறை ஒப்பிக்கச் சொன்னாள். கடை செழிக்கட்டும், உடம்பு திடமாக இருக்கட்டும், பேரக் குழந்தை வேகமாக வளரட்டும். ஒப்பித்தான்.

"இதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது," என்றாள். "மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. சுவரைப் பாக்காதீங்க. கண்ணு ஒயர் பக்கம் போச்சுன்னா மூடிக்குங்க."

"கண்ணை மூடிக்கிட்டா வாழ்த்துறது?"

"பக்தின்னு நினைச்சுக்குவாங்க. போங்க."

ஹுவானின் வீடு அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போலவே தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். அகலம் ஒரு ஆள் படுக்கலாம், உயரம் அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழே கடை, மேலே குடித்தனம். கடையில் விற்பது இறந்தவர்களுக்கு அனுப்பும் காகிதச் சாமான்கள். காகிதக் குதிரை, காகித பைக், காகித செல்போன், மூன்று மாடி காகித பங்களா, பங்களாவுக்குக் காகித வேலைக்காரன். வாங்குகிறவர்கள் கொண்டுபோய் எரிப்பார்கள். ஆனால் அந்தத் தொழிலில் எரிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அனுப்புவது என்பார்கள். ஹுவானின் கடையில் அந்த மற்ற வார்த்தையைச் சொன்ன வேலைக்காரப் பையன்கள் அன்றைக்கே அனுப்பப்பட்டார்கள்.

முதல் மாதப் பௌர்ணமிக்கான சரக்கு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. கூரை வரைக்கும் குதிரைகள். குதிரைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் வழி. அந்த வழியின் முடிவில் மாடிப்படி. வீட்டுக்குள் வரவும் போகவும் அது ஒன்றுதான் பாதை. திருடன் பயத்துக்காக மேல்மாடி பால்கனிகள் எல்லாவற்றுக்கும் கம்பி அடித்திருந்தார்கள்.

லோக் வலது காலை எடுத்து வைத்தான். தடுக்கவில்லை. தும்மவில்லை. முதல் வாக்கியத்தைச் சொன்னான். ஹுவான் முகம் மலர்ந்து, புதுக் கோட்டில் கையைத் துடைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தார். சென் பெரியம்மா வெல்வெட் உடையில் இஞ்சி மிட்டாய்த் தட்டோடு வந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மூக்கில் மீன் வாசனை அடித்தது.

சமையல்கட்டில் மீன் வாசனை அடித்தால் சாப்பாடு. கடைக்குள் அடித்தால் எலக்ட்ரீஷியனுக்கு அது வேறு சேதி. பிளக் பாயின்டும் பிளக்கும் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிளாஸ்டிக் வேகத் தொடங்கினால், முதலில் வருவது புகையல்ல, வாடிய மீனின் வாசனைதான். வேலையிடத்தில் இந்த வாசனை வந்தால் மேஸ்திரி எதுவும் கேட்காமல் மெயினை இறக்கிவிடுவார்.

லோக் ஹுவானின் முகத்தைப் பார்த்தான். முகம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் தரையில் குபேர சாமியின் மாடம். சாமியைச் சுற்றிச் சுழலும் ஒளிவட்டம், இரண்டு தாமரை விளக்கு. பக்கத்தில் பண்டிகைக்காக வைத்த பீச் மரக் கிளை, அதன் மேல் சீரியல் செட். அதற்கடுத்து டீக்கு வெந்நீர் போடும் கெட்டில். அதற்கடுத்து, தூறல் குளிருக்காக ஹீட்டர். அத்தனை ஒயர்களும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போய்ச் சேர்ந்தன. அந்த பாக்ஸின் ஒயர் செல்போன் சார்ஜர் தாங்கும் பருமனில், குதிரைகளுக்குப் பின்னால் புகுந்து மறைந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா, என்ன பக்தி," என்றார் சென் பெரியம்மா.

மூடிய கண்ணோடு யோசித்தான். மீனாகவே இருக்கலாம். பண்டிகை நாள். கல்யாணத்திலும் இப்படித்தான் அவசரப்பட்டோம். கண்ணைத் திறந்து, பெரியம்மா இன்றைக்கு மீன் குழம்பா என்று கேட்டான்.

"மீனா? முதல் நாள் இந்த வீட்டுல உயிர் எதுவும் சட்டி ஏறாதுடா," என்றார் அவர். பிறகு முகம் மாறியது. "இரு, உனக்கு மீன் வாசனை வருதா? சோயாவுல மீன் மாதிரி செஞ்சிருக்கேன். கொஞ்சம்கூட மீன் வாசனையே இல்லன்னு இவரு நேத்துலேர்ந்து குறை சொல்றாரு."

ஹுவான் மூக்கை உயர்த்தி இழுத்தார். ஆமாம், இப்போது வருகிறது என்று ஒப்புக்கொண்டார். பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லோக் இன்னும் குழம்பினான். மீன் இல்லாத வீட்டில் மீன் வாசனை வருகிறது. ஆனால் மீன் வாசனை வர வேண்டும் என்றே ஒன்று சமைக்கப்பட்டிருக்கிறது. அது மாடியில், மூடிய சட்டியில். சாட்சிகள் இரண்டு பக்கமும் சமமாக நின்றன.

சந்தேகம் தீர ஒரு வழிதான் இருந்தது. சாமி கும்பிடுகிறேன் என்று மாடத்தின் முன் மண்டியிட்டான். நெற்றி தரையில் படும்படி குனிந்து, புறங்கையை மெதுவாக பாக்ஸின் மேல் வைத்தான். எடுத்துக்கொண்டான். நம்பாமல் இன்னொரு முறை குனிந்தான். சாமிக்கு மூன்று முறைதான் வழக்கம், அவன் அதைத் தாண்டியும் கும்பிட்டான். இந்தக் காலத்துப் பையன்களில் இப்படி ஒருவனா என்று ஹுவான் மனைவியைப் பார்த்தார்.

புறங்கை சிவந்திருந்தது. அது மீன் இல்லை.

டீ வந்தது. கெட்டில் மறுபடி கொதிக்கத் தொடங்கியதும் தாமரை விளக்குகள் சற்று மங்கின. கொதி நின்றதும் பிரகாசமாயின. லோக் அதையே பார்ப்பதைப் பார்த்து ஹுவான் பெருமையோடு விளக்கினார். டீ போடும்போதெல்லாம் சாமி இப்படித்தான் ரசித்துக் கண்ணை மூடுவாராம். இது கொஞ்ச நாளாகத்தான், முன்பெல்லாம் இல்லையாம்.

லோக் சுற்றி வளைத்துப் பார்த்தான். இந்த பாக்ஸ் எப்போது வாங்கியது என்றான். அது ராசியான பாக்ஸ், கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறது என்றார்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிற மாதிரி தெரிகிறதே என்றான். குளிர் நாளில் சாமி மாடம் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லதுதானே என்றார்கள். கெட்டிலை மட்டும் மாடிக்கு மாற்றினால் என்ன என்றான். பண்டிகை மூன்று நாளும் இந்த வீட்டில் எதையும் பிடுங்க மாட்டோம், அணைக்க மாட்டோம், வெளியே கொண்டுபோக மாட்டோம், குப்பையைக்கூடப் பெருக்க மாட்டோம், உனக்குத் தெரியாததா என்று பெரியம்மா சிரித்தார். அவனுக்குத் தெரிந்ததுதான். அவன் வீட்டிலும் குப்பை அப்படியேதான் கிடந்தது.

இன்றைக்குப் பேசாமல் போய்விட்டு, பண்டிகை முடிந்த மறுநாள் வந்து நைச்சியமாகச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தான். இத்தனை நாள் தாங்கிய பாக்ஸ் இன்னும் மூன்று நாள் தாங்காதா? தாங்கும் என்றுதான் தோன்றியது. தாங்காது என்றும் தோன்றியது. மீதி வாழ்த்து வாக்கியங்களை வரிசை மாற்றிச் சொல்லி முடித்தான். ஹுவான் சிவப்பு உறையை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். சந்து முனை அறையைப் பற்றி அவராகவே பேச்செடுத்து, பண்டிகை முடியட்டும், வந்து சாவியை வாங்கிக்கொள் என்றார். லோக் குனிந்து வணங்கிவிட்டு, குதிரைகளுக்கு நடுவே ஒடுங்கி, வெளியே வந்துவிட்டான்.

முதல் காலடி நல்லபடியாக முடிந்தது. லுவா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மேலேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மேஸ்திரியின் அறிவுரையை மறந்து நிமிர்ந்து பார்த்தான்.

பிரசவத்துக்கு வந்திருந்த ஹுவானின் மகள் மாடி பால்கனியில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். கம்பி இடைவெளியில் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே விட்டு, மாமாவுக்கு டாட்டா காட்டு என்று ஆட்டினாள். கை வெளியே வந்தது. கையைவிடப் பெரியது எதுவும் அந்தக் கம்பிகளுக்கு நடுவே வெளியே வர வழியில்லை.

லோக் திரும்ப உள்ளே போனான். எந்தக் காலை முதலில் வைத்தான் என்று கவனிக்கவில்லை.

"எதையாவது மறந்துட்டியா தம்பி?" என்றார் ஹுவான்.

"பெரியப்பா, இந்த வீடு எரியப் போகுது."

சென் பெரியம்மா முதலில் செய்தது, குனிந்து குபேர சாமியின் இரண்டு காதுகளையும் கட்டைவிரலால் மூடியதுதான். சாமிக்குக் காது பெரியது. விரல்கள் போதவில்லை. அவர் அப்படியே குனிந்தபடி இருந்தார். ஹுவானின் முகத்தில் கோபம் வரவில்லை. திருடனைத் தானே விருந்துக்கு அழைத்துவிட்டவர் மாதிரி ஒரு திகைப்புதான் வந்தது.

"என்ன சொன்ன?"

"அந்த பாக்ஸ் வெந்துக்கிட்டு இருக்கு. வர்றது சோயா மீன் வாசனை இல்ல, அதோட வாசனை. புடிச்சுதுன்னா முதல்ல குதிரை, அப்புறம் படிக்கட்டு. மேல பூரா கம்பி அடிச்சிருக்கீங்க. அக்காவும் குழந்தையும் எந்த வழியா வருவாங்க?"

"மூணு நாள் பொறுக்க முடியாதா உன்னால?"

"பாக்ஸ் பொறுக்கும்னு தெரிஞ்சா நானும் பொறுப்பேன். தெரியலையே. ரெண்டு வருஷம்கூட ஓடும். மத்தியானமே போனாலும் போகும். சத்தியமா எனக்குத் தெரியல பெரியப்பா."

இப்படி எதையும் உறுதியாகச் சொல்லாத ஒருவன், அந்த வார்த்தையை மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்பது ஹுவானுக்கு விளங்கவில்லை. லோக்குக்கும் விளங்கவில்லை. சாமி மாடத்தின் ஒளிவட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் குதிரைகளுக்கு நடுவே புகுந்து, வாசலைத் தாண்டி, தூறலில் போய் நின்றாள்.

"சரியானதும் கூப்பிடுங்கப்பா," என்றாள் அங்கிருந்தே. "நான் இங்கயே நிக்கறேன்."

முதல் நாள் காலை வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு மழையில் நிற்பது எந்த ஆண்டுக்கும் நல்ல தொடக்கம் அல்ல. அண்டை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. ஹுவான் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். லோக் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு மெயினை இறக்கினான்.

வீடு இருண்டது. ஒளிவட்டம் நின்றது. சாமி முதல் தடவையாகக் கண்ணை முழுசாக மூடிக்கொண்டார். லோக் செல்போன் வெளிச்சத்தில் ஹீட்டரின் பிளக்கைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. உருகி பாக்ஸோடு ஒன்றாகிவிட்டிருந்தது. பலமாக இழுத்தபோது பாக்ஸின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. பிறகு ஒயர் போன வழியில் குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். கடைசி வரிசையில், சுவரோரமாக நின்ற வெள்ளைக் குதிரைக்கு வால் பழுப்பேறிப் பாதியாக இருந்தது. தொட்டதும் மீதி உதிர்ந்தது.

ஹுவான் அந்தக் குதிரையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இது எப்போது ஆனது என்று கேட்டார். ஒரே நாளில் ஆகியிருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஆகியிருக்கும், எப்போதிலிருந்து என்று சொல்ல முடியவில்லை என்றான் லோக்.

சென் பெரியம்மா சாமியின் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"போன வருஷம் கியென் வந்தப்ப, கும்பிட்டு எழுந்திருக்கையில இந்த பாக்ஸ்ல கை பட்டு, 'என்ன அண்ணே இது இப்படிச் சுடுது, எரிஞ்சிடப் போகுது'ன்னான்," என்றார். "நீங்கதான் வாயை மூடுன்னு வெளிய அனுப்புனீங்க."

கியென் என்ன சொன்னார் என்பது லோக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவன் கொத்தனார்," என்றார் ஹுவான், குதிரையைப் பார்த்தபடியே. "அவனுக்கு கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"

"சுடுறது தெரியும்ல, பெரியப்பா," என்றான் லோக்.

ஹுவான் குதிரையைக் கீழே வைத்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று லோக்குக்குத் தோன்றியது. சிவப்பு உறையை எடுத்து மேசை மேல் வைத்தான். அதிர்ஷ்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது இதைவிட மோசம் என்று பெரியம்மா அதை மறுபடி அவன் பைக்குள் திணித்தார். மாடிக்குத் தனி ஒயரில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கடைக்குக் கொடுக்காமல், மகள் உள்ளே வந்ததும் லோக் வீட்டுக்குப் போனான்.

"எப்படிப் போச்சு?" என்றாள் லுவா.

"தெரியல."

"வாழ்த்து எல்லாம் சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையே?"

தான் அங்கே சொன்னதை அவளிடம் சொன்னான். லுவா கட்டிலில் உட்கார்ந்தாள். சிவப்பு உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படலாமா, பெருமைப்படலாமா என்று அவளும் கொஞ்ச நேரம் யோசித்தாள். கடைசியில், அந்தக் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் சரி என்றாள். பிறகு, படிக்கட்டில் இன்னொரு ரைஸ் குக்கர் வந்திருப்பதாகவும் சொன்னாள்.

பண்டிகை முடிந்தது. சந்தில் கதை இரண்டாகப் பிரிந்து நடமாடியது. ஒன்றில் லோக் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினான். இன்னொன்றில் நல்லாயிருந்த வீட்டை முதல் காலையிலேயே இருட்டாக்கிவிட்டு, சிவப்பு உறையையும் வாங்கிக்கொண்டு போனான். சில பேர் இரண்டையும் சொன்னார்கள். ஹுவானிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடை திறந்தபோது மாடத்தில் எண்ணெய் விளக்கு மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் எரிந்ததை லுவா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அது நல்ல செய்தியா என்று லோக்குக்குப் புரியவில்லை. எண்ணெய் விளக்கைப் பற்றியும் அவனுக்குச் சில கருத்துகள் இருந்தன.

ஒரு காலையில் கியென் வந்து கதவைத் தட்டினார். சிமென்ட் படிந்த பைக், கையில் ஒரு சாவி.

"அண்ணன் குடுக்கச் சொன்னாரு," என்றார். "சந்து முனை ரூமு. இன்னைக்கு நல்ல நாளாம், இன்னைக்கே திறந்துடணுமாம்."

"உங்ககிட்டயா குடுத்தாரு சித்தப்பா? பேசிட்டாரா?"

"பேசுனாரு. ஒரு வருஷத்துக்கும் சேத்துத் திட்டுனாரு." கியென் கொஞ்சம் சிரித்தார். "அடுத்த வருஷம் முதல் காலடிக்கு நீயும் கிடையாது, நானும் கிடையாது. எதைப் பத்தியும் எதுவுமே தெரியாத ஆளா ஒருத்தனைத் தேடுறாரு. கிடைச்சுடுவான்னு நினைக்கறேன்."

"அப்புறம் ஏன் சாவி?"

"உன்னைப் பாத்தா அவருக்கு பயமா இருக்காம். பயமா இருக்கற ஆளு பக்கத்துல இருந்தா நல்லதாம். எனக்கும் புரியல, தம்பி. வாங்கிக்க."

இது பரிசா தண்டனையா என்று தெரியாமலே லோக் சாவியை வாங்கிக்கொண்டான். லுவா ஆரஞ்சுப் பழங்களும் ஊதுபத்தியும் எடுத்துக்கொண்டாள். லோக் படிக்கட்டில் கிடந்த ஃபேனையும் ரைஸ் குக்கர்களையும் தூக்கிக்கொண்டான். மூவரும் தூறலில் சந்து முனைக்குப் போனார்கள்.

பூட்டு திறந்தது. லோக் முதலில் உள்ளே போய், பழக்கத்தில் ஒவ்வொரு பிளக் பாயின்டாகப் பார்த்தான். எல்லாம் பரவாயில்லை. அவனும் லுவாவும் ஊதுபத்தி ஏற்றினார்கள். கியென் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேனை பைக்கில் கொண்டுவந்திருந்தார். புதுக் கடைக்கு முதல் வாடிக்கையாளர் நல்ல மனசோடு வர வேண்டும் என்பதால், பேரம் பேசாமல் அதைக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஃபேனைக் கையில் பிடித்தபடி வலது காலை உள்ளே வைத்தார்.

"கடை செழிக்கட்டும், தம்பி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். வாசல் நிலைக்கு மேலே அவர் பார்வை போய் நின்றது. அங்கே சுவரில் ஒரு விரிசல், நிலையின் ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் கூரை வரைக்கும் ஓடியது. லோக் அதை இதுவரை கவனிக்கவில்லை. கியென் ஃபேனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை முட்டியால் சுவரை மெல்லத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். வாயைத் திறந்தார். ஊதுபத்திப் புகையையும், ஆரஞ்சுப் பழங்களையும், லுவாவின் முகத்தையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சித்தப்பா?" என்றான் லோக்.

"ஒண்ணுமில்ல."

"சுவரா?"

"இன்னைக்குக் கடை திறக்கற நாளு."

"ஆமா."

"நாளைக்குக் காலையில வரேன்."

கியென் வாசலுக்கு நேரே கிடந்த ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து, விரிசலை விட்டுத் தள்ளி உள்மூலையில் போட்டு உட்கார்ந்தார். சொல்லுங்கள், பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் லோக் நினைத்தான். இதே சந்தில் இதைச் சொல்லும் தகுதி தன்னைவிட யாருக்கு இருக்கிறது? ஆனால் இன்றைக்கு இது தன் கடை. முதல் வாடிக்கையாளர் அடுத்த வார்த்தையாக என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

"டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டான்.

லுவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆரஞ்சுப் பழத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டி, தெருவில் போய் நின்றாள்.

"பேசி முடிச்சதும் கூப்பிடுங்க," என்றாள்.

லோக் நிலைக்கு மேலே பார்த்தான். கியெனைப் பார்த்தான். முக்காலியையும் ஸ்குரூ டிரைவரையும் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான். கியெனும் ஃபேனோடு எழுந்து வந்தார். கடையின் முதல் வேலை நடைபாதையில், குடைக்கு அடியில், ஈரம் படாமல் தொடங்கியது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ஃபேனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"இப்ப சொல்லுங்க சித்தப்பா," என்றான் லோக், ஃபேனின் மூடியைக் கழற்றியபடி. "கடைக்கு வெளியதானே இருக்கோம்."